மிஞ்சிய பரங்கிக்காயை என்ன செய்வது? சதை, நார், தோல், விதை எல்லாமே சமையலுக்குத்தான்

பொங்கலுக்கு முழுப் பரங்கிக்காய் வாங்கிப் படையலில் வைக்கிற வீடுகளில், கூட்டுக்கும் குழம்புக்கும் போக எப்படியும் பாதிக்காய் மிஞ்சிவிடும். நாலு கிலோக் காயை நாலு பேர் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. மறுநாள் ஒரு பத்தை பக்கத்து வீட்டுக்குப் போகும், மீதி ஃபிரிட்ஜுக்குள் ஏறும். இரண்டு மூன்று நாளில் வெட்டிய பக்கம் வழவழவென்று ஆகும், அப்புறம் குப்பைக்கூடைதான். விதைகளோ காயை வெட்டிய அன்றைக்கே போயிருக்கும். இவ்வளவு ருசியான ஒரு பொருள் இப்படி வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் காய் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் காய். சென்னை, தஞ்சைப் பக்கம் பரங்கிக்காய், கொங்குப் பக்கம் அரசாணிக்காய், வேறு பல ஊர்களில் மஞ்சள் பூசணி அல்லது சர்க்கரைப் பூசணி. ஆயுதபூஜைக்குத் தெருவில் உடைக்கிறோமே, அந்த வெண்பூசணி வேறு இனம். அதன் சமையலும் வேறு. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

பரங்கிக்காயைச் சமைக்க ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். 100 கிராம் சதையில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். கூட்டு நீர்த்துப் போவது, பொரியல் களியாவது, அல்வா இறுகாமல் கிடப்பது, வெட்டிய காய் சீக்கிரம் கெடுவது எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தண்ணீர்தான். ஒவ்வொரு சமையலிலும் நாம் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: இந்தத் தண்ணீரிலேயே காயை வேகவிடப் போகிறோமா, அதை வற்றவிடப் போகிறோமா, வேறு ஒரு பொருளுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்யப் போகிறோமா?

வெட்டிய காயை வைப்பது

நன்றாக முற்றிய முழுக்காய், காம்போடு இருந்தால், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். கத்தி பட்டதும் கதை மாறிவிடுகிறது. முதலில் கெடுவது சதை இல்லை. நடுவில் விதையைச் சுற்றி இருக்கும் ஈரமான நார்தான் முதலில் கெடும். அதனால் காயை வெட்டியவுடன், இன்றைக்குச் சமைக்காத பகுதியிலிருந்தும் நாரையும் விதையையும் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியைக் கழுவ வேண்டாம். உலர்ந்த துணியால் ஒற்றி, வெட்டிய முகத்தை ஒரு மெல்லிய துணியால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாலைந்து நாள் தாங்கும். இந்த ஊர் வெயிலில் வெளியே வைத்தால் ஒரு நாளே அதிகம்.

அதற்குள் தீராது என்று தெரிந்தால், அன்றைக்கே வேகவைத்து மசித்துவிடுவதுதான் நல்ல வழி. துண்டுகளைத் தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். ஏற்கெனவே தண்ணீராக இருக்கும் காய்க்கு மேலும் தண்ணீர் சேரும், ருசியும் சத்தும் அந்தத் தண்ணீரோடு போகும். இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. ஆறியதும் கையாலோ மத்தாலோ மசித்து, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டால் 2, 3 மாதம் கவலையில்லை.

சதை: தண்ணீரோடு என்ன செய்வது

காயின் நிறத்தைப் பார்த்தே சமையலை முடிவு செய்யலாம். சதை அடர்ந்த ஆரஞ்சாக, விதை கொழுத்து இருந்தால் முற்றிய காய், இனிக்கும். கூட்டுக்கும் இனிப்புக்கும் அது. வெளிறிய மஞ்சளாக இருந்தால் இனிப்பு குறைவு, நீர் அதிகம். சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் போடுங்கள், அங்கே அந்தக் குறை தெரியாது.

முதன்முதலாகச் சமைக்கிறவர்களுக்கு நான் சொல்வது பால் கூட்டுதான். பரங்கிக்காய் தன் தண்ணீரிலேயே வெந்து தன் ருசியைக் காட்டுவது அதில்தான். கால் கிலோ காயைத் தோல் சீவி, கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். அடிகனமான பாத்திரத்தில் போட்டு, 3 மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் தெளித்து, ஒரு சிட்டிகை உப்போடு மூடி, சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் போதாதே என்று பதற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் மூடியைத் திறந்தால் துண்டுகள் வியர்த்து, அடியில் மஞ்சளாக நீர் கோத்திருக்கும். அந்த நீரிலேயே 8, 10 நிமிடத்தில் காய் வெந்துவிடும். கரண்டியால் பாதித் துண்டுகளை மட்டும் லேசாக மசித்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி பொடித்த வெல்லம் சேர்த்துக் கரையவிடுங்கள்.

அடுத்து பால். வெல்லம் சேர்ந்த சூடான கலவையில் பாலை நேராக ஊற்றினால் திரிந்துவிட வாய்ப்பு உண்டு. இந்தக் கூட்டில் புதியவர்கள் தடுமாறும் இடம் இது ஒன்றுதான். ஒரு தேக்கரண்டி அரிசிமாவை அரை டம்ளர் காய்ச்சி ஆறவைத்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். தீயை மிகவும் குறைத்து, கரைசலை மெதுவாக ஊற்றிக் கிளறுங்கள். அரிசிமாவு பால் திரியாமலும் காக்கும், கூட்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு கொதி வரப்போகும்போதே இறக்கிவிட்டு, தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சூடான சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

தாளிக்கிற எண்ணெயை மிச்சம் பிடிக்காதீர்கள். பரங்கிக்காய்க்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரையும் பொருள். எண்ணெயோ நெய்யோ தேங்காயோ கூட இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். நம் சமையலில் பரங்கிக்காய் வருகிற இடத்திலெல்லாம் தேங்காயும் வருகிறது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் செய்கிற எரிசேரியில் அது உச்சத்துக்கே போகும். வேகவைத்த காராமணியும் பரங்கிக்காயும், அரைத்துவிட்ட தேங்காய் சீரகம், மேலே சிவக்க வறுத்த தேங்காய்த்துருவல். பயறு அந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் எரிசேரி நீர்ப்பது அபூர்வம்.

புளிக்குழம்பில் கணக்கு வேறு. புளிப்பான தண்ணீரில் காய் சீக்கிரம் குழையாது. காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதாகக் கரைவதில்லை. எனவே துண்டு துண்டாக நிற்க வேண்டும் என்றால், புளித்தண்ணீர் கொதிக்கும்போதே காயைப் போடுங்கள். சாம்பாரில் கரையும் அளவுக்கு வேக வேண்டும் என்றால், காயைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து அப்புறம் புளி ஊற்றுங்கள். பரங்கிக்காய் சாம்பாரில் காய் கரைந்து காணாமல் போகிறது என்று குறைப்படுகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிப் பார்த்தாலே போதும்.

அல்வாவுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், அதுவும் சர்க்கரை சேர்க்கும் முன்பே. அரை கிலோ காயைத் துருவி, 2 மேசைக்கரண்டி நெய்யில் மிதமான தீயில் வதக்குங்கள். துருவல் முதலில் நீர் விடும், அடுத்து அந்த நீர் சுண்டும், பச்சை வாசனை போய் ஒரு இனிய வாசனை வரும். இதற்கு 10 நிமிடமாவது ஆகும். அதற்குப் பிறகு அரை டம்ளர் பால் விட்டு முழுக்க வேகவைத்து, வற்றியதும் 150 கிராம் சர்க்கரை போடுங்கள். சர்க்கரையை முன்பே போட்டால் காய் மேற்கொண்டு வேகாமல் விறைத்துக்கொள்ளும், நீரும் மறுபடி பெருகும். ஏலக்காயும் மீதி நெய்யும் கடைசியில்.

மசித்து வைத்த விழுது இருக்கிறதே, அதற்குச் சப்பாத்தி மாவுதான் சரியான இடம். 2 கப் கோதுமை மாவுக்கு முக்கால் கப் விழுது, உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், ஓமம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் பிசையத் தொடங்குங்கள். முதலில் உதிரியாக இருக்கும், நாலைந்து நிமிடம் பிசைந்தால் சேர்ந்துவிடும். அப்போதும் சேரவில்லை என்றால் மட்டும் கையை நனைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த பிறகு இந்த மாவு இன்னும் இளகும், அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும். காய் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் இந்த மஞ்சள் சப்பாத்தியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அடைமாவிலும் துருவிப் போடலாம். ஆனால் ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும், உப்பில் ஊறினால் மாவு தண்ணீராகிவிடும்.

நாரும் தோலும்

விதையோடு வந்த நாரைத் தூக்கி எறியாதீர்கள். அதிலும் இனிப்பு உண்டு. இழையாக இருப்பதால் துண்டோடு சேர்த்துச் சமைத்தால் நன்றாக இருக்காது, அவ்வளவுதான். அரைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. தோலும் அப்படியே, நகம் பதிகிற அளவு இளசாக இருந்தால் துவையலுக்கு மிக நல்லது. முற்றி ஓடு மாதிரி இருந்தால் அதை விட்டுவிடலாம், எவ்வளவு வதக்கினாலும் சக்கைதான்.

ஒரு கப் தோலும் நாரும், 2 மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 4 காய்ந்த மிளகாய், நெல்லிக்காய் அளவில் பாதி புளி, கொஞ்சம் தேங்காய், பெருங்காயம். நல்லெண்ணெயில் பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தோலையும் நாரையும் ஈரம் போகச் சுருள வதக்கி, எல்லாவற்றையும் கெட்டியாக அரைக்கவும். துவையல் செய்யப் போகிறோம் என்றால் காயை வெட்டும் முன்பே வெளிப்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். வெட்டாத காயைக் கழுவுவதில் ஒரு கெடுதலும் இல்லை, சமைக்காத பங்கை மட்டும் துடைத்து வையுங்கள்.

விதை

நாம் யோசிக்காமல் எறிகிற இந்த விதையைத்தான் மனிதர்கள் முதலில் தேடியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூசணி இனங்களின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஓக்சாகா பகுதியில் கிலா நாகிட்ஸ் என்ற குகையில், மனிதர் பயிர்செய்த பூசணியின் விதைகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 10,000 ஆண்டு. காட்டுப் பூசணியின் சதை கசக்கும், விதையோ உண்ணத் தகுந்தது. இன்றைக்கும் மெக்சிகோவில் பூசணி விதையை வறுத்து அரைத்துக் குழம்பு செய்கிறார்கள்.

விதைப்பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம். மக்னீசியமும் துத்தநாகமும் தாராளம். ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் பருப்பில் 8 கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கும். கடையில் நல்ல விலை கொடுத்து வாங்குகிறோமே, அதே பொருள்தான் நம் குப்பைக்கூடையில் கிடக்கிறது.

“கடையில் பச்சையாக இருக்கிறது, வீட்டு விதை வெள்ளையாக இருக்கிறதே?” என்று பலரும் கேட்பார்கள். வெள்ளையாகத் தெரிவது மேலோடு. அதை உடைத்தால் உள்ளே அதே பச்சைப் பருப்பு. மேலோடே இல்லாமல் மெல்லிய தோலோடு மட்டும் விதை வரும் பூசணி வகைகளும் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலம் அதற்குப் பேர்போனது. அந்த விதையிலிருந்து கரும்பச்சை எண்ணெய் ஆட்டுகிறார்கள். நம் ஊர்ப் பரங்கிக்காயில் ஓடு உண்டு, சில காய்களில் அது தடிப்பாகவே இருக்கும்.

விதையை நாரிலிருந்து பிரிப்பதுதான் சள்ளையான வேலை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, வழித்தெடுத்ததை அப்படியே அதில் போட்டு, விரல்களுக்கு நடுவே பிசைந்துவிடுங்கள். விதைகள் கையிலிருந்து வழுக்கி மேலே வந்து மிதக்கும், நார் கையோடு நிற்கும். விதைகளை அரித்தெடுத்து இன்னொரு முறை அலசுங்கள். வழவழப்பு முழுவதும் போகாவிட்டாலும் பரவாயில்லை, காய்ந்ததும் அது ஒரு மெல்லிய சவ்வாக உரிந்துவிடும்.

உப்பு விதை வேண்டும் என்றால் இந்த இடத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அரை கப் விதைக்கு 2 கப் தண்ணீரும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். வறுத்த பிறகு மேலே தூவும் உப்பு ஓட்டில் ஒட்டாமல் உதிரும். இப்படிச் செய்தால் உப்பு உள்ளே இறங்கும், ஓடும் மொறுமொறுவென்று வரும்.

சதையில் தண்ணீரோடு பேரம் பேசலாம். விதையில் முடியாது, முழுக்க வெளியேற்றியே ஆக வேண்டும். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். தாம்பாளத்திலோ முறத்திலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி வெயிலில் வையுங்கள். தை மாத வெயிலுக்கு 2 நாள் போதும், மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் 3, 4 நாள். காய்ந்ததா என்று தெரிய ஒரு விதையை வளைத்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் தயார். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த நிலையில் டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

வறுக்க இரும்பு வாணலி, சிறு தீ, எண்ணெய் வேண்டாம். கிளறிக்கொண்டே இருங்கள். சில நிமிடத்தில் விதைகள் உப்பி, ஒன்றிரண்டு படபடவென வெடித்துத் துள்ளும். ஓடு வெள்ளையிலிருந்து லேசான பொன்னிறத்துக்கு வரும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். 8, 10 நிமிடத்தில் பதம் கிடைத்துவிடும். பழுப்பாகும் வரை விட்டால் உள்ளே எண்ணெய் கருகிக் கசக்கும். ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, நடுவே ஒருமுறை புரட்டுங்கள்.

மெல்லிய ஓடு என்றால் அப்படியே மென்றுவிடலாம். தடித்த ஓட்டை நகவெட்டியால் ஓரத்தில் கடித்தால் பிளந்துகொள்ளும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் டிவி பார்த்துக்கொண்டே நாலு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு முழு விதையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

உரித்த பருப்பு கிடைத்துவிட்டால் அதை முந்திரி போலப் பயன்படுத்தலாம். 2 மேசைக்கரண்டியை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து அரைத்தால் குருமா கெட்டிப்படும். வெள்ளைக் குருமாவில் இளம்பச்சை தட்டும், அது பிடிக்காதவர்கள் தக்காளி சேர்த்த குருமாவில் விடலாம். இட்லிப்பொடி என்றால் அரை கப் வறுத்த பருப்பு, கால் கப் வறுத்த உளுத்தம்பருப்பு, 6 காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு. பருப்பு நன்றாக ஆறிய பிறகு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து பொடி விழுதாகிவிடும். இந்தப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துத் தோசைக்குத் தொட்டுப் பாருங்கள், எள்ளுப்பொடிக்குச் சற்றும் குறையாது.

எண்ணெய் உள்ள பொருள் என்பதால் வறுத்த விதையும் பொடியும் நாளாகச் சிக்கு வாடை பிடிக்கும். மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. வறுக்காத, நன்கு காய்ந்த விதை இன்னும் அதிக நாள் தாங்கும், வேண்டியபோது எடுத்து வறுத்துக்கொள்ளலாம்.

தோட்டமோ மாடியில் பெரிய தொட்டியோ இருந்தால் கொழுத்த விதைகளில் பத்துப் பன்னிரண்டைக் கொதிக்கவைக்காமல், நிழலில் உலர்த்தித் தனியே எடுத்து வையுங்கள், ஆடிப்பட்டத்தில் ஊன்றலாம். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். பரங்கியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி, தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவரும். அதனால் காய் தாய்க்காய் மாதிரியேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அபூர்வமாகக் கசப்புக் காயும் காய்க்கும். குக்கர்பிட்டாசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்பு. அது வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும், வேகவைத்தாலும் போகாது. வீட்டுக் கொடியில் பறித்தாலும் கடையில் வாங்கினாலும், சமைக்கும் முன் பச்சைச் சதையில் ஒரு சின்னத் துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.